லிக்விடேட்டர் யாருடைய ஆள்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "எங்கள் தச்சுப்பட்டறைக்குப் பாக்கி வைத்த கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. லிக்விடேட்டராக, அதாவது அதன் சொத்தை விற்றுக் கடன்கொடுத்தோருக்குப் பங்கிட, வந்திருப்பவர் வங்கியின் ஆள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடமையும் சொந்த நலனும் மோதும் நலமுரண் இருக்கிறது என்று சொல்லி அவரை நீக்கிவிடலாம் அல்லவா?"

ஜூலை 9

நீக்கலாம். நானே ஒருவரை நீக்க வைத்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன். டர்பனில் காட்போர்டு பெட்டிகள் செய்து தையல் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தொழிற்சாலை எனக்கு 186,000 ராண்ட் பாக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. அதற்கு நியமிக்கப்பட்ட இரண்டு லிக்விடேட்டர்களில் ஒருவர், அதே முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கும் லிக்விடேட்டராக இருந்தார். அந்த இன்னொரு கம்பெனி, எனக்குப் பாக்கி வைத்த தொழிற்சாலை தனக்கு 640,000 ராண்ட் கடன் பட்டிருப்பதாக உரிமை கோரியது. கேட்கிறவரும் அவர், சரிபார்த்துக் கொடுக்க வேண்டியவரும் அவர். லிக்விடேட்டர்களை நியமித்து மேற்பார்வையிடும் உயர்நீதிமன்ற அதிகாரியான மாஸ்டரின் அலுவலகத்துக்கு நான் எழுதினேன், அவர் போனார். 1973-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 379-ஆம் பிரிவைப் பாருங்கள்.

ஜூலை 10

2008-இல் புதிய கம்பெனிச் சட்டம் வந்துவிட்டதே, 1973-ஐ ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். புதிய சட்டம் பழையதை ரத்து செய்தது, ஆனால் கடனைக் கட்ட முடியாத கம்பெனிகளைக் கலைப்பதற்கான 14-ஆம் அத்தியாயத்தை மட்டும் மாற்று ஏற்பாடு வரும்வரை உயிரோடு விட்டுவைத்தது. வீட்டை இடித்துவிட்டுச் சமையலறையை மட்டும் நிறுத்திவைத்ததைப் போன்ற காரியம் இது. நாம் இன்னும் அந்தச் சமையலறையில்தான் புகையில் நின்றுகொண்டிருக்கிறோம்.

ஜூலை 14

379-ஆம் பிரிவை இன்று மறுபடி நிதானமாகப் படித்தேன். முதல் நாள் நான் எழுதிய வேகத்துக்கு அது இடம் கொடுக்கவில்லை.

மாஸ்டர் தாமே ஒரு லிக்விடேட்டரை நீக்குவதற்கு ஐந்து காரணங்கள் அங்கே உள்ளன. அவர் நியமனத்துக்குத் தகுதியற்றவராக இருப்பது முதலாவது. கடமையைச் சரிவரச் செய்யாததோ, மாஸ்டரின் சட்டபூர்வமான கட்டளைக்கு இணங்காததோ அடுத்தது. உடலாலோ மனத்தாலோ இயலாமல் போவது மூன்றாவது. வாக்குரிமையுள்ள கடன்கொடுத்தோரில் பெரும்பான்மையினர் எழுத்தில் கேட்டுக்கொள்வது நான்காவது. இந்த லிக்விடேட்டர் இந்தக் கம்பெனிக்கு இனிப் பொருத்தமானவர் இல்லை என்று மாஸ்டருக்கே தோன்றுவது கடைசி. மாஸ்டர் செய்யத் தவறினால், அல்லது வேறு தக்க காரணம் இருந்தால், நலன் உள்ள எவரும் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இந்த ஐந்திலும் நலமுரண் என்ற சொல்லே கிடையாது. அதைப் 'பொருத்தமின்மை'க்குள்ளோ 'தக்க காரண'த்துக்குள்ளோ நாம்தான் கொண்டுபோய் வைத்து நிரூபிக்க வேண்டும். ஆகவே, பீனிக்ஸ் வாசகரே, "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதை ஒரு பிரமாணப் பத்திரத்தின் நான்காவது பத்தியாக எழுதிப் பாருங்கள். எழுத வராது.

நான்காவது காரணம் எளிய வழியைப் போலத் தெரியும், ஏனெனில் அதில் குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெரும்பான்மை தலைக்கணக்கிலும் தொகைக்கணக்கிலும் சேர்ந்தே இருக்க வேண்டும். என் விஷயத்தில் நூல்காரர், பொத்தான்காரர், லாரிக்காரர், பெட்டிக்காரனாகிய நான் என்று முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தலைக்கணக்கில் நின்றோம். தொகைக்கணக்கில் வங்கி ஒன்றே எங்கள் அனைவரையும் விடப் பெரியது. இரண்டு லிக்விடேட்டர்கள் வந்ததற்கும் காரணம் இதுவே: முதல் கூட்டத்தில் ஒருவருக்குத் தலை மிகுந்தது, மற்றவருக்குத் தொகை மிகுந்தது, அப்படியானால் இருவருமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆகிறார்கள்.

ஜூலை 20

நேற்று ஆடிக் கூழ் ஊற்றும் வரிசையில் நிற்கும்போது ஒருவர் என் காதருகே வந்து, அவருடைய வழக்கின் லிக்விடேட்டர் டைரக்டருடைய பெரியப்பா மகன் என்றும், ஆகவே நியமனமே செல்லாது என்றும் சொன்னார். அவர் கையிலிருந்த கூழ்ச் செம்பு கோபத்தில் சாய்ந்து என் செருப்பில் பாதி ஊற்றியது. மாரியம்மன் மன்னிப்பாள்.

நம் கணக்கில் பெரியப்பா மகன் அண்ணன். சட்டத்தின் கணக்கு வேறு. 1936-ஆம் ஆண்டுத் திவால் சட்டம், திவாலான தனிமனிதருக்கு மூன்றாம் படிக்குள் உறவானவரை அவருடைய சொத்துக்கு டிரஸ்டியாக (லிக்விடேட்டரின் வேலையைத் தனிமனிதரின் சொத்துக்குச் செய்பவராக) வர விடாது. படியை எண்ணும் முறை, பொது மூதாதை வரை ஏறிப் பிறகு இறங்குவது. உடன்பிறந்தவர் இரண்டாம் படி, சித்தப்பாவும் மாமாவும் மூன்றாம் படி, பெரியப்பா மகன் நான்காம் படி. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர் ஒரு படி தள்ளி நின்று தப்பித்துவிடுகிறார்.

இதனால் அந்த உறவு கவனிக்கத் தக்கது இல்லை என்று ஆகிவிடாது. தானாகவே தகுதியிழப்பு வரவில்லை, அவ்வளவே. உறவை அவர் தொடக்கத்திலேயே எழுத்தில் சொன்னாரா, மறைத்தாரா என்பதுதான் பிறகு கேள்வியாகும். சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த நம்மிடையே, எந்த வகையிலும் உறவில்லாத ஒரு லிக்விடேட்டரைத் தேடினால் கேப்டவுன்வரை போக வேண்டியிருக்கும். அங்கேயும் யாராவது ஒரு மச்சான் இருப்பார்.

ஜூலை 27

முதல் நாள் எழுதியதை நான் திருத்தியாக வேண்டும்.

என் தங்கை மகள் வெருலத்தில் அட்டர்னியாக இருக்கிறாள். இங்கே எழுதியதைப் படித்துவிட்டு அழைத்தாள். "மாமா, அந்த ஆளை நீக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, உத்தரவின் நகல் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "இருந்தால் எனக்கு அனுப்புங்கள்" என்றாள். மூன்று மாலை அலமாரியைக் குடைந்து, பழைய டெலிவரி புத்தகங்களுக்கு அடியிலிருந்து கோப்பை எடுத்தேன். நீக்க உத்தரவு அதில் இல்லை. அப்படி ஓர் உத்தரவு பிறக்கவே இல்லை.

நடந்தது இது. கலைப்பு மற்றும் பங்கீட்டுக் கணக்கு மாஸ்டர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டபோது நான் போய்ப் பார்த்தேன். ஒரு காலாடும் இரும்பு மேஜையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். சகோதரக் கம்பெனியின் சார்பாக 640,000 ராண்ட் கேட்ட பிரமாணப் பத்திரம் ஒரு பக்கம், அந்தத் தொகையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு போட்ட தொழிற்சாலையின் கணக்கு இன்னொரு பக்கம். இரண்டின் அடியிலும் ஒரே கையொப்பம், கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும் அதே நீல மை. அவர் எதையும் ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒளிக்க நினைத்தவர் பேனாவையாவது மாற்றியிருப்பார்.

நான் அந்தக் கணக்குக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். அதன்பின் அவர் அந்த ஓர் உரிமைகோரலிலிருந்து மட்டும் விலகி நிற்பதாக எழுதிக் கொடுத்தார். மற்ற லிக்விடேட்டர் தனியாக அதை ஆராய்ந்தார். கடன் ஒப்பந்தம் எதுவும் இல்லை, பேரேட்டில் எழுதிய பதிவுகள் மட்டுமே இருந்தன. அவர் மாஸ்டருக்கு அறிக்கை அனுப்ப, மாஸ்டர் அந்த உரிமைகோரலை 215,000 ராண்டாகக் குறைத்தார். முதலாமவர் கடைசிவரை லிக்விடேட்டராகவே இருந்து, தம் பங்குக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டார். ஆண்டுகள் ஓடியதில் கல்யாண வீடுகளிலும் கருமாதி வீடுகளிலும் சொல்லிச் சொல்லி நான் அவரை நீக்கியே விட்டேன்.

ஜூலை 28

"அப்படியானால் நீங்கள் தோற்றீர்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. அந்த மேஜையில் எனக்குத் தேவைப்பட்டது அவருடைய தலை அன்று, அந்த 640,000.

ஆகஸ்ட் 2

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தங்கை மகள் அனுப்பியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1887-இல் ஆடம் ஐட்டன் கம்பெனி வழக்கில் இங்கிலாந்தின் நீதிபதி போவன், தக்க காரணம் என்பதை அந்தக் கலைப்பின் உண்மையான, கணிசமான, நேர்மையான நலனைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார். லிக்விடேட்டர் கெட்டவரா நல்லவரா என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. மனுதாரரின் ஆத்திரத்தையும் அது கேட்பதில்லை. 2002-இல் ஏஎம்பி எண்டர்பிரைசஸ் வழக்கில் நீதிபதி நியூபெர்கர் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார். ஒன்றிரண்டு இடங்களில் லிக்விடேட்டரின் நடத்தை உத்தமமான நிலைக்குக் கீழே இருந்தது என்று காட்டியதற்காகவே அவரை எளிதில் நீக்கினால், மனக்குறை உள்ள ஒவ்வொரு கடன்கொடுத்தவரும் நீதிமன்ற வாசலில் வந்து நிற்பார், செலவும் காலமும் வீணாகும் என்பது அவர் கவலை.

மூன்றாவது ஆஸ்திரேலியாவின் வால்டன் கட்டுமானக் கம்பெனி வழக்கு. கம்பெனி விழுவதற்கு முன் அதற்கு ஆலோசனை சொன்ன ஒரு குழுமம்தான் அந்த லிக்விடேட்டர்களுக்கு இந்த வேலையைக் கைகாட்டியது. அதே குழுமம் முன்பும் அவர்களுக்கு வேலைகளைக் கைகாட்டியிருந்தது, கம்பெனி விழுமுன் நடந்த சொத்துக் கைமாற்றங்களை ஆராயும்போது அந்தக் குழுமத்தின் பங்கையும் அவர்கள் ஆராய வேண்டியிருந்தது. கீழ் நீதிபதி நீக்க மறுத்தார். 2014-இல் பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, லிக்விடேட்டர்கள் போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் உண்மையிலேயே சாய்ந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவைப்படவில்லை, நடுநிலையாகப் பார்க்கும் ஒருவருக்குச் சாயக்கூடும் என்ற நியாயமான ஐயம் எழுந்ததே போதுமானதாக இருந்தது.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. வால்டன் வழக்கில் யாரும் "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று வரவில்லை. யார் யாருக்கு எத்தனை வேலைகளைக் கைகாட்டினார்கள் என்பதை எண்ணிக் காட்டினார்கள். ஐயம் என்பதும் ஒரு சான்றின் மேல்தான் நிற்கிறது.

ஆகஸ்ட் 3

நம் ஊர் வழக்குகள் இல்லையா என்று கேட்பீர்கள். மேக்மெட் குழுமத்தைச் சேர்ந்த இன்ட்ராமெட் கம்பெனியின் லிக்விடேட்டர்களை 2010-இல் புளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. தாய்க் கம்பெனியின் கலைப்பிலும் அவர்கள் பங்கு பெற்றிருந்தது அங்கே பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று. அந்த மனுவைக் கொண்டுபோனது ஒரு வங்கி என்பதைப் பீனிக்ஸ் வாசகர் கவனிக்க வேண்டும். எல்லா லிக்விடேட்டரும் வங்கியின் ஆள் என்பது நம் வட்டாரப் பழமொழியாகவே ஆகிவிட்டது, ஆனால் வங்கியே லிக்விடேட்டரோடு மல்லுக்கு நின்ற வழக்கு இது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அரசியல் ஊழல் புகார்களில் பேசப்பட்ட குப்தா குடும்பத்தின் கம்பெனிகளில் நியமிக்கப்பட்ட வணிக மீட்பு அலுவலர்களை, அதாவது தள்ளாடும் கம்பெனியைக் கலைக்காமல் காப்பாற்றப் பார்ப்பவர்களை, உயர்நீதிமன்றம் நீக்கியது. 2020 டிசம்பரில் புளூம்ஃபொன்டைன் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. பத்திரிகையில் அந்தக் குடும்பத்தின் பெயரைப் பார்த்தவுடனேயே பாதிப்பேர் தீர்ப்பை மனதுக்குள் எழுதிவிட்டார்கள், நானும் எழுதினேன். நீதிமன்றம் கேட்டது அலுவலர்களின் நடத்தைக்கான சான்றை.

ஆகஸ்ட் 11

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

கோப்பை எடுத்தபோது அதன் உள்மடிப்பில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி கலைப்புக்குப் போனவுடன், கடன்கொடுத்தோர் தாங்கள் விரும்பும் ஒருவரைத் தற்காலிக லிக்விடேட்டராக நியமிக்கும்படி மாஸ்டருக்குக் கொடுக்கும் கோரிக்கைப் படிவம் அது. கோரப்பட்டவர், நான் பத்து ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்த அதே மனிதர். கீழே இருப்பது என் கையொப்பம்.

இப்போது நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலையின் கணக்காளர் ஒரு கட்டுப் படிவங்களோடு என் கடைக்கு வந்தார். "அங்கிள், இதில் ஒரு சைன் போட்டால் உங்கள் பாக்கி சீக்கிரம் வரும்" என்றார். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன், ஒரு பெட்டியின் மேலேயே வைத்துப் போட்டேன். கடனாளியின் கணக்காளர் தேடித் தந்த பெயருக்கு, கடன்கொடுத்தவன் ஆதரவு கொடுத்திருக்கிறேன். வங்கி தன் ஆளைக் கொண்டுவந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். வங்கியின் ஆள் யார் தெரியுமா? அந்த உரிமைகோரலை 215,000 ஆகக் குறைத்துத் தந்த மற்றவர்.

இதைத் தங்கை மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான் அப்போது நீக்கக் கோரி நீதிமன்றம் போயிருந்தால், எதிர்த்தரப்பு முதல் இணைப்பாக இந்தத் தாளைத்தான் வைத்திருக்கும் என்றாள்.

ஆகஸ்ட் 12

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், இப்படிக் கையெழுத்து வேட்டை நடக்காமல் வரிசை முறையில் நியமித்தால் என்ன என்கிறார். அதை அரசு முயன்று பார்த்தது. 2014-இல் நீதித்துறை அமைச்சர் கொண்டுவந்த கொள்கை, லிக்விடேட்டர்களை இனமும் பாலினமும் கொண்டு நான்கு பிரிவாக்கி, 4:3:2:1 என்ற விகிதத்தில் சுற்றுமுறையில் நியமிக்கச் சொன்னது. கறுப்பின, கலப்பின, இந்திய, சீனப் பெண்கள் முதல் பிரிவிலும், அதே சமூகங்களின் ஆண்கள் இரண்டாம் பிரிவிலும் இருந்தார்கள். 2018 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கொள்கை செல்லாது என்றது. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும் என்று நம்பியவர்களுக்கு வருத்தம்தான், எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தச் சுற்றுமுறை என் சகோதரக் கம்பெனிச் சிக்கலைத் தீர்த்திருக்காது. வரிசையில் வந்தவரையே இரண்டு கம்பெனிக்கும் போட்டால் அதே நீல மைதான்.

ஆகஸ்ட் 19

டோங்காட்டிலிருந்து கரும்பு பயிரிடும் ஒருவர் கேட்கிறார்: மீட்பு அலுவலராக இருந்தவரே, மீட்பு தோற்றால் லிக்விடேட்டராக வந்து உட்கார முடியுமா? 2022 அக்டோபரில் டோங்காட் ஹூலெட் சர்க்கரைக் கம்பெனி வணிக மீட்புக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கத்தில் இந்தச் சட்டம் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்.

பொதுவான பதில்: முடியாது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, மீட்பு முயற்சி கலைப்பு உத்தரவில் முடிந்தால் அந்த அலுவலரை அதே கம்பெனிக்கு லிக்விடேட்டராக நியமிக்கக் கூடாது என்கிறது. தாம் செய்ததையே தாம் ஆராய வேண்டி வரும் என்பதுதான் காரணம். நான் ஜூலை 14-இல் தேடிக் கிடைக்காத சொல்லும் இந்தச் சட்டத்தில் உண்டு. 138-ஆம் பிரிவு, விவரம் அறிந்த நியாயமான மூன்றாம் மனிதர் ஒருவர் அலுவலரின் நேர்மையையோ நடுநிலையையோ சந்தேகிக்கும்படியான உறவு கம்பெனியோடு அவருக்கு இருக்கக் கூடாது என்கிறது. 139-ஆம் பிரிவு நலமுரணையும் சார்பையும் நீக்கத்துக்கான காரணமாக வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, உயிரோடு இருக்கும் கம்பெனிக்குப் புதிய சட்டத்தின் தெளிவு, செத்த கம்பெனிக்குப் பழைய சட்டத்தின் மௌனம்.

ஆகஸ்ட் 30

பீனிக்ஸ் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். நான் குழப்பிவிட்டேனாம். முதலில் நீக்கலாம் என்றேன், இப்போது வேண்டாம் என்கிறேனாம். அவர் சொல்வது உண்மை.

அவருக்கு இவ்வளவுதான். நீங்கள் உரிமைகோரலை நிரூபித்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். நிரூபித்தவர்கள், சொத்து போதாமல் போனால் கலைப்புச் செலவுக்குத் தங்கள் கையிலிருந்து பங்கு கட்ட வேண்டி வரலாம், தன் பிணையை (கடனுக்கு ஈடாக எழுதி வாங்கிய சொத்தை) மட்டும் நம்பி நிற்கும் வங்கி பெரும்பாலும் அதிலிருந்து தப்பிவிடும். பாக்கியைக் கேட்கப் போனவன் மேலும் கொடுத்துவிட்டு வந்த கதை நம் தெருவிலேயே உண்டு. இந்த நிலையில் நீக்க மனு போட்டுத் தோற்றால் வழக்குச் செலவும் உங்கள் தலையில்.

பிறகு லிக்விடேட்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வங்கிக்காக முன்பு வேலை செய்தீர்களா, இந்தக் கம்பெனி விழுமுன் அதற்கு ஆலோசனை சொன்னீர்களா, மனு போட்ட வங்கியின் அட்டர்னியையே நீங்களும் அமர்த்தியிருக்கிறீர்களா, ஏலக்காரர் உங்களுக்கு என்ன உறவு என்று நேராகக் கேளுங்கள். அசையும் பொருள் விற்ற தொகையில் அவருக்குப் பத்து சதவீதம், நிலம் கட்டடம் விற்றால் மூன்று சதவீதம் கட்டணம் என்பதால், எதை அவசரமாக விற்கிறார் என்பதையும் கவனியுங்கள். பதில் வந்தால் அதைக் கோப்பில் வையுங்கள். வராவிட்டால், கேட்டதன் நகலோடு மாஸ்டருக்கு எழுதுங்கள். வங்கி வேலை கொடுத்தது என்ற ஒன்று மட்டும் போதாது, நம் நாட்டில் வங்கியின் வேலை செய்யாத லிக்விடேட்டர் அபூர்வம். வங்கியின் பிணையையே எதிர்த்து ஆராய வேண்டிய நிலை இருந்து, அதை அவர் தொடாமல் இருந்தால், அப்போது உங்கள் நான்காவது பத்தி எழுத வரும்.

எனக்கு எவ்வளவு கிடைத்தது என்றும் கேட்டிருக்கிறார். ராண்டுக்குப் பதினோரு சென்ட் வீதம் 20,460 ராண்ட். பெட்டி ஏற்றிய லாரியின் பழைய டயர்கள் நான்கையும் மாற்றினேன், மீதியைத் தங்கை மகளின் கடைசி ஆண்டுப் படிப்புக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31

அவள் இதைப் படித்துவிட்டாள். மீதி எவ்வளவு என்பதில் அவள் கணக்கும் என் கணக்கும் ஒத்துவரவில்லை. கோப்பைக் கேட்கிறாள்.